ரெக்சின், களிம்பு, உறை

பழைய ஃபிலிம் கேமராவுக்குத் திருப்பனந்தாளில் வெயிலைவிட ஈரம்தான் பகை. ஒரு பக்கம் மண்ணியாறு, வடக்கே கொள்ளிடம், சுற்றிலும் நீர் கட்டிய வயல். ஐப்பசி அடைமழையில் பீரோவில் மடித்து வைத்த பட்டுப்புடவையே பூஞ்சை வாடை அடிக்கும். கேமராவின் மேல்தோலுக்கு மட்டும் என்ன சலுகை?

*

மேல்தோல் என்றாலும் எல்லாம் ஒரே சரக்கு இல்லை. 1900இல் வந்த கோடக் பிரவுனி வெறும் அட்டைப்பெட்டி. தோல் மாதிரி ஒன்றை மேலே ஒட்டியிருப்பார்கள். மூலை தேய்ந்தால் அட்டை பல்லிளிக்கும். ஸ்டுடியோக்காரர்கள் வைத்திருந்த யாஷிகா இரட்டை லென்ஸ் கேமராக்களில் ரெக்சின். பசை காய்ந்ததும் ஓரம் எழும்பும். லைக்கா எம்3இல் (1954) வல்கனைட், அதாவது கந்தகம் சேர்த்துக் கெட்டியாக்கிய ரப்பர். அது உரியாது, வறண்டு சில்லு சில்லாகப் பெயரும். ரெக்சினைத் திரும்ப ஒட்டிவிடலாம். வல்கனைட் நிறைய உதிர்ந்துவிட்டால் புதுத் தோல் வெட்டிப் போடுவதுதான் வழி.

*

ஜெர்மன் ஜெய்ஸ் கேமராக்களில் தோலுக்கு அடியிலிருந்து சின்னச் சின்னக் கொப்புளங்கள் எழும்பும். சேகரிப்பாளர்கள் 'ஜெய்ஸ் பம்ப்ஸ்' என்பார்கள். உள்ளே இருப்பவை பித்தளை ரிவெட்டுகள். ஈரம் இறங்கியதும் பித்தளையிலுள்ள செம்பு, தோலின் எண்ணெய்ப் பசையோடு சேர்ந்து பச்சை மெழுகாகத் திரள்கிறது. கட்டைவிரலால் அமுக்கிப் பயனில்லை. தோலைப் பக்குவமாகத் தூக்கி, சுரண்டித் துடைத்து, மறுபடி ஒட்ட வேண்டும்.

*

அந்தப் பச்சைதான் களிம்பு. செம்பில் களிம்பு என்பது, உயிரைப் பற்றிய அழுக்கான ஆணவ மலத்துக்குச் சைவ சித்தாந்தம் சொல்லும் உவமை. களிம்பு இடையில் வந்து ஒட்டியதன்று, செம்போடு உடன் உள்ளது என்பது கருத்து. சைவ மடமான காசி மடம் இருக்கும் இந்த ஊரில் இதைச் சொல்லக் கொஞ்சம் தயக்கம்தான்: கேமராவைப் பொறுத்தவரை செம்பின் மேல் பழி போட முடியாது. மூடிய தோலும் புகுந்த ஈரமும்தான் கூட்டாளிகள்.

*

கறுப்பு நிக்கான் எஃப் (1959) நிறைய உழைத்திருந்தால் விளிம்புகளில் பெயின்ட் தேய்ந்து பித்தளை மின்னும். வார் உரசிய இடம், கட்டைவிரல் பட்ட இடம், பையில் இடித்த மூலை எல்லாம் தெரியும். 1976இன் கேனான் ஏஇ-1இல் இந்தக் கதை நடக்காது. அதன் மேல்மூடி பிளாஸ்டிக், முலாம் பூசியது. 2015இல் பாடகர் லென்னி கிராவிட்ஸ் பெயரில் லைக்கா 125 கேமராக்களை வெளியிட்டது. பெயின்ட் தேய்த்து, பித்தளை தெரிய, பழசாக்கியே விற்றார்கள். படம் எடுத்துத் தேய வேண்டியதைக் காசு கொடுத்துத் தேய்த்து வாங்குகிறார்கள்!

*

ஆயுத பூஜைக்கு ஸ்டுடியோவில் கேமராவுக்கும் சந்தனம், குங்குமப் பொட்டு உண்டு. ரெக்சினின் சொரசொரப்பில் சந்தனம் காய்ந்து இறுகினால் துணியால் வராது. லேசாக நனைத்த பழைய பல்துலக்கும் பிரஷ் தேவை. பூஜை முடிந்த கையோடு மழை தொடங்கிவிடும். அன்றைக்கே துடைத்துவிடுவது நல்லது. குத்துவிளக்கு விளக்கும் புளியைக் கேமராப் பித்தளையில் காட்டவே கூடாது.

*

பரோடாவில் தயாரான அக்ஃபா கிளிக் 3 பல வீடுகளில் இன்னும் பழுப்புத் தோல் உறையோடு இருக்கிறது. பத்திரம் என்று நினைத்துத்தான் உறைக்குள் வைத்தார்கள். தோல் ஈரத்தை இழுத்துப் பிடித்துக்கொள்ளும், பூஞ்சைக்குச் சோறும் போடும். முதலில் தையல் இற்றுப்போகும், பிறகு அமுக்குப் பட்டன் பச்சை பிடிக்கும், கடைசியில் லென்ஸில் சிலந்தி வலை போல இழை ஓடும். உறை வேறு, கேமரா வேறு என்று வைப்பதே முறை.

*

நெல் விளையும் ஊர் என்பதால் அரிசியில் புதைத்து வைக்கச் சொல்லும் யோசனையும் வரும். தவிடு இடுக்கெல்லாம் புகும், வண்டு வேறு. மூடி இறுகிய டப்பாவும் சிலிக்கா ஜெல்லும் போதும். மாதம் ஒருமுறை எடுத்து ஷட்டரைத் தட்டிப் பார்த்தால் இன்னும் நல்லது.

*

கை பட்டுத் தேய்ந்த கேமராவை நம்பலாம். உறைக்குள் புதுசாகவே இருப்பதைத்தான் சந்தேகப்பட வேண்டும். சந்தையில் விலை நேர் எதிராகப் போகிறது. அந்த வகையில் நமக்கு லாபம்தான். பேரம் பேசுமுன் உறையைக் கழற்றி மோந்து பாருங்கள். பூஞ்சை வாடை அடித்தால், அடுத்து பின்மூடியைத் திறந்து லென்ஸை வெளிச்சத்தில் பாருங்கள்.