இறுதி இருநூறு மீற்றர்

வெற்றி என்பது ஒருவரின் தனியுடைமையா, அன்றி அவரைச் சூழ்ந்து நின்ற பலருடைய உழைப்பின் திரட்சியா என்னும் வினா நெடுங்காலமாக என் மனத்தை அரித்து வருகின்றது. அதற்கு விடை தேடப் புகுந்தபோது எனக்குத் துணையாக வாய்த்தது, வீதிச் சைக்கிளோட்ட வீரர் மார்க் கவென்டிஷ் அவர்களின் வாழ்க்கையாகும்.

1985 இல் மான் தீவிற் பிறந்த இவர் ஒரு விரைவோட்ட வீரர். மூன்று வாரங்கள் நடைபெறும் ரூர் டி பிரான்ஸ் போட்டியில் ஒட்டுமொத்த வெற்றியை நாடாது, சமதரை நாட்களின் முடிவுக்கோட்டையே குறியாகக் கொள்பவர்கள் இவ்வகையினர். முன்னே செல்பவரின் பின்னால் ஒட்டிச் செல்பவருக்குக் காற்றின் எதிர்ப்புப் பெரிதும் குறைகின்றது. ஆகவே, சக வீரர்கள் வரிசையாக முன்னே நின்று காற்றைத் தாங்கி, ஒருவர்பின் ஒருவராகக் களைத்து விலகுவர். இறுதியாக மார்க் றென்ஷோ போன்ற ஒருவர் விலகும்போது, எஞ்சியிருப்பது ஏறக்குறைய 200 மீற்றர். அந்தச் சில விநாடிகளே உலகின் கண்ணிற் படுகின்றன.

2008 இல் முதலாவது கட்டத்தை வென்ற கவென்டிஷ், 2009 இல் மட்டும் 6 கட்டங்களை வென்றார். 2011 இல் பச்சை மேலங்கியும் உலகச் சம்பியன் பட்டமும் அவரை வந்தடைந்தன. பின்னர் வீழ்ச்சி தொடங்கிற்று. 2017 இல் விழுந்து தோள்பட்டை எலும்பு முறிந்தது. வைரசு நோயும் மனச்சோர்வும் வாட்டின. 2018 இல் மலைக் கட்டமொன்றில் நேர எல்லையைத் தாண்டியதால் போட்டியினின்றும் நீக்கப்பட்டார். எனினும், 2021 இல் காயமுற்ற ஒருவருக்குப் பதிலாக அழைக்கப்பட்டு 4 கட்டங்களை வென்று, எடி மேர்க்ஸ் 1969 முதல் 1975 வரை ஈட்டிய 34 என்னும் எண்ணிக்கையைச் சமன் செய்தார்.

மேர்க்ஸ் மலையிலும் தனியோட்டத்திலும் வென்றவர். 5 முறை போட்டியையே வென்றவர். எனவே, எண்கள் சமமாதலால் இருவரும் சமமாகிவிடார் என்பாரின் கூற்றில் நியாயமுண்டு. ஆயினும், எண்ணிக்கை கூறாத ஒன்றே என்னைக் கவர்ந்தது. 2024 ஆம் ஆண்டுப் போட்டியின் முதல் நாள், புளோரன்சிலிருந்து றிமினிக்குச் செல்லும் வழியில், கடும் வெப்பத்தில் வாந்தியெடுத்து அவர் பின்தங்கினார். சக வீரர்கள் தம் வாய்ப்பைத் துறந்து அவருடன் தரித்து, நேர எல்லைக்குள் அவரைக் கொண்டு சேர்த்தனர். நான்கு நாட்களின் பின், யூலை 3 ஆம் திகதி, சென்-வுல்பாவில் 39 வயதான கவென்டிஷ் 35 ஆவது வெற்றியைப் பெற்றார். முதல் நாளின் அத்துணை இல்லையேல் ஐந்தாம் நாளின் வெற்றி ஏது?

எனது தமக்கையார் படிப்பை நிறுத்தித் தையல் இயந்திரத்தின் முன் அமர்ந்தமையாலேயே நான் பல்கலைக்கழகம் புக முடிந்தது. பெறுபேற்றுப் பட்டியலில் இடம்பெற்றதோ எனது சுட்டெண் மட்டுமே.

இதனால் தனிமனித முயற்சி பொய்யென்று கொள்ளல் தகாது. இறுதி 200 மீற்றரை அவருக்காக வேறெவரும் ஓடியிருக்க முடியாது. விழுந்த பின் மீண்டும் வண்டியேறும் துணிவும் இரவலாகக் கிடைப்பதன்று. ஆனால், அவ்விருநூறு மீற்றருக்கு முன்னுள்ள தூரம் பிறர் காற்றைத் தாங்கிய தூரம். அதனை மறவாதவரே வெற்றியைத் தமதென்று கூறும் உரிமையுடையவர் என்பது என் துணிபு.