நாக்கு நாலு முழம்!

என்னை அப்பா கூப்பிடுவதே 'பொறுக்கி' என்றுதான். பதறாதீர்கள், நிஜமாகவே பொறுக்குவேன்! உப்புமாவில் கடுகு, பொங்கலில் மிளகு, ரசத்தில் கறிவேப்பிலை... எல்லாம் தட்டோரம் அணிவகுத்து நிற்கும். பாலில் ஏடு மிதந்தால் டம்ளரைத் தொடமாட்டேன். பாகற்காய் வதங்குகிற வாசனை வந்தால் நான் தெருக்கோடியில் இருப்பேன். கும்பகோணத்தில் உறவுக்காரர்கள் அத்தனை பேருக்கும் என் தட்டுதான் வேடிக்கை. "நான் என்ன விஷத்தையா வச்சேன்?" என்று அம்மா ஒரு நாள் அழுதே விட்டாள்.

பி.காம். முடித்து ஓர் ஆடிட்டர் ஆபீஸில் சேர்ந்தேன். ஒரு ஹோட்டலுக்குக் கணக்குப் பார்க்கப் போனபோது காபி கொடுத்தார்கள். ஒரு வாய் குடித்துவிட்டு, "சிக்கரி ஏறிப்போச்சே, தூள் மாத்திட்டீங்களா?" என்றேன். முதலாளிக்கு முகம் மாறிவிட்டது. காபியும் சிக்கரியும் கலந்த தூளில் காபி 51 சதவீதமாவது இருக்க வேண்டும் என்பது சட்டம். பில்களைப் புரட்டினால், அந்த வாரம் மட்டும் வேறு கடைத் தூள்! அப்புறம் மனிதர் என்னைக் கணக்குக்குக் கூப்பிடவில்லை, சாம்பாருக்குத்தான் கூப்பிட்டார். அங்கே ஆரம்பித்து மெஸ், டிபன் கடை என்று சாப்பிட்டுப் பார்த்து எழுதுவதே பிழைப்பாகிவிட்டது. பேங்க் பரீட்சை எழுதச் சொன்ன மாமா இன்னும் என்னோடு சரியாகப் பேசுவதில்லை.

இதெல்லாம் பிடிவாதம் என்றுதானே அடித்தார்கள்? 1931-ல் அமெரிக்காவில் டூபாண்ட் கம்பெனி ஆராய்ச்சிக்கூடத்தில் ஆர்தர் ஃபாக்ஸ் என்ற வேதியியல்காரர் பி.டி.சி. என்ற பொடியைக் கொட்டும்போது அது காற்றில் பறந்தது. பக்கத்தில் இருந்தவர் "ஐயோ, கசக்குதே!" என்றார். ஃபாக்ஸுக்கோ ஒரு ருசியும் தெரியவில்லை. இந்த வித்தியாசத்துக்கு முக்கியக் காரணமான மரபணுவை 2003-ல் கண்டுபிடித்தார்கள். முட்டைக்கோஸ் வகையறாவில் அந்தப் பொடிக்குப் பங்காளி முறையான சரக்குகள் இருக்கின்றன. ஆகவே ஒரே பொரியல், ஒருத்தருக்குப் பொரியல், இன்னொருத்தருக்குக் கஷாயம்! என் நாக்கு எந்த ஜாதகம் என்று சோதித்ததில்லை. இருந்தாலும் அப்பாவிடம் இதை வாசித்துக் காட்டினேன். "அப்ப பாலேட்டுக்கு என்ன ஜீன்?" என்றார். ஹும்!

இப்போது அம்மாவுக்கு 68. வயதாக ஆக ருசியும் வாசனையும் மங்குவது சகஜம்தான். ஆனால் குழம்பில் உப்பு ஏறிக்கொண்டே போனது. அப்பாவுக்கோ பிளட் பிரஷர். உலக சுகாதார நிறுவனம் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள் உப்பு என்கிறது. ஒரு டீஸ்பூனுக்கும் கொஞ்சம் குறைவு. எங்கள் வீட்டில் அது காலை டிபனோடு தீர்ந்துவிடும் போலிருந்தது. ஊரெல்லாம் குறை சொல்லிக் காசு வாங்குகிறவனுக்கு, அம்மாவிடம் இதைச் சொல்ல ஒரு மாசம் வாய் வரவில்லை. அவள் அழுத அந்த நாள் ஞாபகம்.

கடைசியில் அம்மாவே கரண்டியோடு வந்தாள். "எனக்கு ஒண்ணும் தெரிய மாட்டேங்குதுடா. நீ பாரு" என்று உள்ளங்கையில் இரண்டு சொட்டு விட்டாள்.

இப்போதெல்லாம் நான் பார்த்த பிறகுதான் குழம்பு இறங்கும். நான் ஊரில் இல்லாத நாட்களுக்காக ஒரு ஸ்பூனில் கோடு போட்டுக் கொடுத்திருக்கிறேன்.

நேற்று அம்மா போன் பண்ணினாள். அந்த ஸ்பூனை அப்பா எங்கேயோ ஒளித்து வைத்துவிட்டாராம்!