கேட்க ஆளிருந்தால்

ஊரிலிருந்து வருகிறவர்களுக்கு விம்பிள்டன் என்றால் டென்னிஸ். லண்டனில் இருக்கிற எங்களுக்குப் பிள்ளையார் கோயில். வெள்ளிக்கிழமை அர்ச்சனை முடிந்தால் அப்படியே டூட்டிங் போய் மரக்கறியும் மீனும் வாங்கிக்கொண்டு திரும்புகிற ஊர். 2024 மார்ச் 29, பெரிய வெள்ளியன்று, அந்த விம்பிள்டனில் ஒரு செய்தியாளரை அவருடைய வீட்டுக்கு வெளியே வைத்துக் கத்தியால் குத்தினார்கள். பெயர் பூரியா செராத்தி. லண்டனிலிருந்து பாரசீக மொழியில் ஒளிபரப்பாகும் ஈரான் இன்டர்நேஷனல் தொலைக்காட்சியின் நெறியாளர். குத்து காலில் விழுந்ததால் உயிர் தப்பினார். குத்தியவர்கள் சில மணி நேரத்துக்குள் ஹீத்ரோவில் விமானம் ஏறிவிட்டார்கள்.

“இதென்ன, எங்கட ஊர் மாதிரியெல்லோ கிடக்கு” என்றா கோயிலில் ஒரு மாமி. அவ சொன்னதில் எனக்கு ஒரு திருத்தம் உண்டு. நடந்தது எங்கள் ஊர் மாதிரித்தான். அதற்குப் பிறகு நடந்தது அப்படியல்ல.

அந்தத் தொலைக்காட்சிக்கு ஆபத்து திடீரென்று வரவில்லை. 2022 கடைசியில், ஈரானில் பெண்களின் போராட்டம் உச்சத்தில் இருந்தபோது, மேற்கு லண்டன் சிசிக்கில் இருந்த அதன் அலுவலகத்துக்கு முன்னால் கொங்கிரீட் தடுப்புகளும் துப்பாக்கி ஏந்திய பொலிஸாரும் வந்தார்கள். இந்த நாட்டில் சாதாரணப் பொலிஸ்காரரின் இடுப்பில் துவக்கு இருக்காது. சென்றிகளுக்கு நடுவே வளர்ந்த எனக்கு முதலில் பிடித்துப்போனதே அதுதான். கட்டடத்தை வேவு பார்க்க வந்த ஒருவர் 2023 பெப்ரவரியில் பிடிபட்டு, பிறகு மூன்றரை ஆண்டுச் சிறைக்குப் போனார். அதே மாதம் பொலிஸாரின் ஆலோசனைப்படி நிறுவனம் ஒளிபரப்பைச் சில மாதங்களுக்கு வாஷிங்டனுக்கே மாற்றியது. இவ்வளவு காவலும் அலுவலக வாசலோடு முடிந்துவிடுகிறது. செய்தியாளருக்கு வீடு இருக்கிறது, கார் இருக்கிறது, பின்னேரம் பால் வாங்கப் போகவேண்டியிருக்கிறது. கத்தி அங்கேதான் காத்திருந்தது.

ஆனால் கோப்பு மூடப்படவில்லை. பயங்கரவாதத் தடுப்புப் பொலிஸார் துப்புத் துலக்கிக்கொண்டே போனார்கள். 2024 டிசம்பரில் ருமேனியாவில் இருவர் கைதானார்கள்.

எங்கள் ஊரில் கதை வேறு. யாழ்ப்பாணத்தில் செய்தியாளர் மயில்வாகனம் நிமலராஜன் கொல்லப்பட்டது 2000 ஒக்டோபர் 19 இரவு. பி.பி.சியின் தமிழ், சிங்கள சேவைகளுக்கும் வீரகேசரிக்கும் ராவயவுக்கும் எழுதியவர். அந்த மாதம் நடந்த தேர்தலின் முறைகேடுகளை வெளியே சொன்னவர். ஊரடங்கு நேரம், மூலைக்கு மூலை இராணுவம் நின்ற நகரம். வீட்டில் எழுதிக்கொண்டிருந்தவரை ஜன்னலுக்கு வெளியே நின்று சுட்டுவிட்டு, கைக்குண்டும் வீசினார்கள். பெற்றோரும் மருமகனான சிறுவனும் காயப்பட்டார்கள். வந்தவர்கள் வந்தபடியே போனார்கள். ஊரடங்கில் நாங்கள் ஒரு சைக்கிளை வெளியே எடுக்க முடியாது, அவர்களால் எப்படி முடிந்தது என்ற கேள்வியை அன்றைக்கு ஊரே கேட்டது, வாய்க்குள். இலங்கையில் அந்தக் கொலைக்கு இன்றுவரை ஒருவரும் தண்டிக்கப்படவில்லை.

புகுந்த நாட்டைக் கோயிலாக்கி நான் கும்பிடவில்லை. பி.பி.சியில் பணியாற்றிய பல்கேரியரான கியோர்கி மார்கோவ் 1978இல் லண்டன் வாட்டர்லூ பாலத்தருகே குண்டூசித் தலையளவு நச்சுத் துணிக்கையால் தாக்கப்பட்டு இறந்தார். ஒருவர் மீதும் வழக்கு இல்லை. வட அயர்லாந்தில் சண்டே வேர்ல்ட் பத்திரிகையின் மார்ட்டின் ஓ'ஹேகன் 2001 செப்ரெம்பரில் மனைவியோடு வீட்டுக்கு நடந்து போகையில் சுடப்பட்டார். துணைப்படைகளின் போதைப்பொருள் வியாபாரத்தை எழுதியதற்கான கூலி. அந்தக் கொலைக்கும் எவரும் தண்டனை அனுபவிக்கவில்லை. 2019இல் டெரி நகரக் கலவரத்தைப் பார்த்துக்கொண்டு நின்ற 29 வயதுச் செய்தியாளர் லைரா மக்கீயைப் புதிய ஐ.ஆர்.ஏ என்ற ஆயுதக் குழுவின் குண்டு கொன்றது. உலகில் கொல்லப்படும் செய்தியாளர்களின் வழக்குகளில் 85 சதவீதம் தீர்க்கப்படாமலே கிடப்பதாக யுனெஸ்கோ 2024இல் சொன்னது. அந்தக் கணக்குக்குள் பணக்கார நாடுகளும் அடங்கும்.

2021இல் பிரித்தானிய அரசு ஊடகவியலாளர் பாதுகாப்புக்கென ஒரு தேசியத் திட்டம் வெளியிட்டது. அதன்படி ஒவ்வொரு பொலிஸ் பிரிவிலும் இதற்கென்று ஓர் அதிகாரி இருக்கவேண்டும். நல்ல விஷயம்தான். அது எங்கே முட்டி நிற்கிறது என்பதைச் சின்னத் தமிழ் இணையத் தொலைக்காட்சி ஒன்றுக்குப் படம்பிடிக்கும் ஒரு தம்பியிடம் கண்டேன். ஒரு நினைவுநாளில் இரு தரப்பு மண்டப வாசலில் அடிபட்டதைப் பதிவேற்றியிருந்தான். அன்றிரவே தொலைபேசி. “வீடியோவைத் தூக்கு தம்பி. ஊரில அம்மா தனியத்தானே இருக்கிறா?” குரல் மரியாதையாகத்தான் பேசியதாம். பொலிஸுக்குச் சொல் என்றேன். “சொன்னா வந்து கேப்பினம் அண்ணை. கரவெட்டியில அம்மாவின்ர வீட்டு வாசல்ல ஆர் நிப்பினம்?” வீடியோவைத் தூக்கிவிட்டான். ஈரானியச் செய்தியாளர்களுக்கும் இதே கதைதான். இங்கே மகன் செய்தி வாசித்தால் தெஹ்ரானில் தகப்பனைக் கூப்பிட்டு விசாரிக்கிறார்கள்.

அந்த மரியாதையான குரல் சுத்தத் தமிழ் பேசியது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். 1993இல் ரொறன்ரோவில் செய்தியாளர் டி.பி.எஸ். ஜெயராஜின் கால் முறிக்கப்பட்டது. 1994 மே 1 அன்று பாரிஸில் பதிப்பாளர் சபாரத்தினம் சபாலிங்கம் வீட்டுக்குள் வைத்துச் சுட்டுக்கொல்லப்பட்டார். அரசாங்கம் செய்தால் ஊர்வலம் போகிற நாங்கள், எங்களுக்குள் நடந்தால் “அதை ஏன் இப்ப கிண்டுவான்” என்கிறோம். கொழும்பில் உட்கார்ந்து நிமலராஜன் கொலைக் கோப்பை மூடியவர்களும் ஏறக்குறைய அதைத்தான் சொன்னார்கள்.

2022 பெப்ரவரியில் லண்டன் மாநகரப் பொலிஸின் போர்க்குற்றப் பிரிவு, நிமலராஜன் கொலை தொடர்பாக நோதாம்டன்ஷயரில் 48 வயதான ஒருவரைக் கைது செய்து, விசாரணை தொடரும் நிலையில் விடுவித்தது. அவர் குற்றவாளி என்று எந்த நீதிமன்றமும் சொல்லவில்லை. ஆனால் ஒரு யாழ்ப்பாண இரவைப் பற்றி 21 ஆண்டு கழித்து இங்கிலாந்துப் பொலிஸார் கேள்வி கேட்டார்கள். சட்டம் அதற்கு இடம் கொடுக்கிறது. சாட்சிகளை மட்டும் சட்டத்தால் உண்டாக்க முடியாது. அதனால்தான் பொலிஸார் இங்குள்ள இலங்கைச் சமூகத்திடம் தகவல் கேட்டார்கள்.

அந்த வேண்டுகோள் எங்களுக்கு வந்தது. 2000இல் அந்த நகரில் இருந்தவர்கள், யார் யாரோடு திரிந்தார்கள் என்று அறிந்தவர்கள், இன்று ஹரோவிலும் ஈஸ்ட்ஹாமிலும் கடை வைத்திருக்கிறார்கள், பேரப்பிள்ளைகளைப் பள்ளிக்குக் கொண்டுபோய் விடுகிறார்கள். ஊரில் வாய் திறந்தால் உயிர் போகும் என்று இருந்தது நியாயம். இங்கே அந்தப் பயத்துக்கு முழு நியாயம் இல்லை. தெரிந்ததைத் தெரிந்த அளவுக்குச் சொல்லலாம். பழைய கொலை ஒன்றுக்குக் கணக்குக் கேட்கப்படுகிறது என்று தெரிந்தால்தான், அடுத்த செய்தியாளரின் ஜன்னலுக்கு வெளியே வந்து நிற்பவன் ஒருதரம் யோசிப்பான். குண்டு துளைக்காத உடுப்பு அதற்கு அடுத்தபடிதான்.