நூலில்லாத் துணி

தமிழில் நூல் என்பது இழையையும் குறிக்கும், புத்தகத்தையும் குறிக்கும். இவ்விரு பொருளையும் பிணைத்துப் பவணந்தி முனிவர் நன்னூலில் ஓர் உருவகமே அமைத்திருக்கிறார். அதில் சொல் பஞ்சு, செய்யுள் இழை, புலவன் நூற்கும் பெண், அவன் வாய் அவள் கை, அவன் அறிவு கதிர். ஆங்கிலத்தில் பனுவலைக் குறிக்கும் டெக்ஸ்ட் என்ற சொல்லும் நெய்தலைக் குறிக்கும் இலத்தீன் வினையிலிருந்து பிறந்ததே. பஞ்சு நூலாகும், நூல் துணியாகும் என்ற வரிசையில் மொழிகளுக்கு அவ்வளவு நம்பிக்கை. அந்த வரிசையின் நடுக்கண்ணியைக் கழற்றிவிட்ட ஒரு பொருள் இன்று மகப்பேற்று விடுதியிலும் விமானத்திலும் கிடக்கிறது. குழந்தையைத் துடைக்கும் ஈரத்தாள் எனப்படும் அது தாளும் அன்று. பஞ்சுநிலை இழை நேரே துணியாகிவிட்டது; இடையில் யாரும் நூற்கவில்லை, நெய்யவுமில்லை.

தொழில்துறை இதற்கு இட்ட பெயர் நான்வோவன், அதாவது நெய்யாதது. இன்னதென்று சொல்லாமல் இன்னதன்று என்று மட்டும் சொல்லும் பெயர். (தமிழ்க் கடைப்பலகைகளில் 'நான் ஓவன் பை' என்று பிரித்தெழுதப்படும்போது அது ஓர் அடுப்பின் தன்வரலாறு போலாகிவிடுகிறது.) ஆனால் இந்தியாவுக்கு இத்தகைய துணி புதிதன்று. காஷ்மீரிலும் இராஜஸ்தானின் டோங்கிலும் செய்யப்படும் நம்தா விரிப்பும் நெய்யப்படாததே. கம்பளி இழையைப் பாயின்மேல் பரப்பி, சவர்க்கார நீர் தெளித்து, சுருட்டி, மிதித்து அழுத்துவார்கள். கம்பளி இழையின் மேற்பரப்பில் நுண்செதில்கள் உண்டு. ஈரமும் அழுத்தமும் சேரும்போது அவை ஒன்றையொன்று கவ்விக்கொள்ளும். பாரசீக 'நமத்' என்ற சொல்லோடு உறவுடைய இப்பெயர், எதையும் மறுக்காமல் பொருளைப் பொருளாகவே சுட்டுகிறது. எதிர்மறைப் பெயர் ஆலையோடு வந்தது.

துடைக்கும் தாளுக்கான விஸ்கோஸ் இழையில் செதில் இல்லை, வழவழப்பே உண்டு. ஆகவே மிதிப்பவரின் பாதம் செய்த வேலையை வேறொன்று செய்ய வேண்டியிருந்தது. அது நீர். டூபாண்ட் நிறுவனத்தின் ஆய்வில் உருவான இம்முறைக்கு 1969-இல் அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது. பேல்களாக வரும் இழை, ஏறத்தாழ 38 மில்லிமீட்டர் நீளத் துண்டுகளாக இருக்கும். அதைப் பிரித்து, கார்டிங் இயந்திரத்தின் கம்பிப்பற்களால் சீவினால், ஊதினால் கலைந்துவிடக்கூடிய மென்படலம் கிடைக்கும். அந்தப் படலம் ஓடும் சல்லடைப் பரப்பின்மேல் செல்லும்போது, பத்தில் ஒரு மில்லிமீட்டர் அளவுள்ள துளைகளிலிருந்து நீர்த்தாரைகள் வரிசையாக அதன்மேல் பாய்கின்றன. முதல் வரிசை மெதுவாக நனைக்கும். அடுத்தடுத்த வரிசைகளில் அழுத்தம் ஏறி நூறு பாரைத் தாண்டும். தாரை இழைகளைக் கீழே தள்ளுகிறது. சல்லடையில் மோதித் தெறிக்கும் நீர் அவற்றை மேலே சுழற்றுகிறது. இழைகள் முடிச்சிட்டுக்கொள்கின்றன. கீழிருந்து உறிஞ்சப்படும் நீரை வடிகட்டி மறுபடியும் பயன்படுத்துவார்கள். வடிகட்டல் சற்றுத் தவறினாலும் ஒரு நுண்துளை அடைபடும். அடைபட்ட துளைக்கு நேரே துணி நெடுகிலும் ஒரு கோடு விழும். பசை இல்லை, தையல் இல்லை, நூல் இல்லை.

ஒரு தாளை எடுத்து இருபுறமும் இழுத்துப் பார்த்தால் இந்த வரலாறு கைக்குத் தெரியும். ஒரு திசையில் விறைப்பாக எதிர்க்கும். குறுக்கே இழுத்தால் நெகிழ்ந்து நீளும். சீவுபற்கள் இழைகளைப் பெரும்பாலும் ஓட்டத் திசையிலேயே படுக்க வைத்ததன் தடம் அது.

மென்மையும் உறிஞ்சலும் விஸ்கோஸின் கொடை. மரக்கூழின் செல்லுலோஸைக் காரத்தில் ஊறவைத்து, கார்பன் டைசல்பைடோடு சேர்த்துக் கரைத்து, அமிலத்தொட்டிக்குள் நுண்துளை வழியே பீய்ச்சினால் அது மீண்டும் செல்லுலோஸ் இழையாகிறது. இந்தியாவில் இது 1954 முதல் இன்றைய மத்தியப் பிரதேசத்தின் நாக்தாவில் நடந்துவருகிறது. கார்பன் டைசல்பைடின் ஆவி தொழிலாளரின் நரம்பையும் மனத்தையும் சிதைக்கக்கூடியது என்பதை மருத்துவர்கள் 19-ஆம் நூற்றாண்டிலேயே பாரிஸின் ரப்பர்ப் பட்டறைகளில் கண்டெழுதிவிட்டார்கள். மென்மை என்ற சொல்லுக்குள் அதுவும் இருக்கிறது. பருத்தி இயல்பாகவே உறிஞ்சும் என்ற நம்பிக்கையும் முழு உண்மையன்று. பறித்த பருத்தியின்மேல் மெழுகு உண்டு. அது நீரில் மிதக்கும். காரத்தில் வேகவைத்து வெளுத்த பிறகே மூழ்கும்.

விஸ்கோஸுக்கு ஒரு குறை உண்டு: நனைந்தால் வலிமை இழக்கும். நனைந்தபடியே விற்கப்படும் பொருளுக்கு அது பெருங்குறை. அதனால்தான் பாலியெஸ்டர் கலக்கப்படுகிறது. அது நீரை ஏறக்குறைய ஏற்பதேயில்லை. ஆகவே ஈரத்தில் தளர்வதுமில்லை. விலையும் குறைவு. உறையில் இலையோ பஞ்சுக்காயோ சிரிக்கும். உள்ளே பாதியளவு நெகிழி இருக்கலாம்.

இங்கேதான் பெயரிடல் வெறும் சொல்லாராய்ச்சியாக நின்றுவிடுவதில்லை. சுங்கத் தீர்வை அட்டவணையில் வெறும் நெய்யாத துணி 56-ஆம் அத்தியாயத்தில் இழைப்பொருள்களோடு நிற்கிறது. அதே துணியில் சவர்க்காரமோ சலவைப்பொருளோ ஊறினால் 34-ஆம் அத்தியாயத்துக்குப் போய்ச் சவர்க்காரமாகிவிடுகிறது. ஒப்பனைப்பொருள் ஊறினால் 33. நெகிழிக் கழிவு விதிகளின் 2021 திருத்தமோ, நெய்யாத நெகிழிக் கைப்பை சதுர மீட்டருக்கு 60 கிராமுக்குக் குறையக் கூடாது என்று சொன்னபோது, துணியாகத் தோன்றுவதை நெகிழி என்றே அழைத்தது. கைப்பைக்குக் கிடைத்த அந்த வெளிப்படையான பெயர் துடைக்கும் தாளுக்கும் கிடைத்திருக்க வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2021 ஜூலை முதல், நெகிழி கலந்த ஈரத்தாளின் உறையில் அவ்வுண்மையைக் குறியீட்டோடு அச்சிட்டாக வேண்டும்.

பெயர் முக்கியம், ஏனெனில் தாள் என்று நினைப்பவர் அதைக் கழிப்பறையில் போடுவார். கழிப்பறைத் தாளின் குட்டையான கூழிழைகளைப் பிணைத்திருப்பது நீர் தொட்டதும் விடுபடும் பிணைப்பு. இதன் நீண்ட இழைகளை முடிச்சிட்டதே நீர்தான். சாக்கடை நீருக்கு அது அவிழாது. 2017-இல் இலண்டனின் வைட்சாப்பலில் கொழுப்பும் ஈரத்தாள்களும் இறுகிய 250 மீட்டர் நீள அடைப்பு கண்டுபிடிக்கப்பட்டது. எடை 130 டன். இந்தியாவில் பாதுகாப்பின்றி மனிதரைச் சாக்கடையில் இறக்குவதை 2013-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. ஆயினும் 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சாக்கடை மரணத்துக்கான இழப்பீட்டை 10 இலட்சத்திலிருந்து 30 இலட்சமாக உயர்த்த வேண்டியிருந்தது. அடைப்புகளுக்குக் காரணம் இத்தாள் மட்டுமே என்பது பொய்யாகும். இதுவும் ஒன்று.

இரண்டு குவளைகளில் நீர் எடுத்து, ஒன்றில் கழிப்பறைத் தாளையும் மற்றொன்றில் ஈரத்தாளையும் இட்டுக் கரண்டியால் கலக்கிப் பார்க்கலாம். முதலாவது சிறிது நேரத்தில் கஞ்சியாகிவிடும். இரண்டாவதை மறுநாள் காலையில் எடுத்துப் பிழிந்து கொடியில் உலர்த்தலாம்.