செவ்வாயில் என் பெயர் இறங்கிய இரவு



செவ்வாய்க் கிரகத்தில் என் பெயர் இருக்கிறது என்று சொன்னால் நம்புவீர்களா? ஐந்தாம் வகுப்பில் நான் சொன்னபோது ஒருத்தரும் நம்பவில்லை. "ஆமாமா, எங்க வீட்டு ஆடு கூட நிலாவுலதான் மேயுது" என்று ஒருத்தி சொன்னாள். (அவள் இப்போதும் நம் பள்ளியில்தான் படிக்கிறாள். பெயர் எழுத மாட்டேன். அவளுக்கே தெரியும்.) அதனால் இந்த மாதச் சுவர் இதழில் முழுக் கதையையும் எழுதுகிறேன்.

அமெரிக்காவின் நாசா 2020 ஜூலை 30-ல் ஒரு ரோவரை, அதாவது ஆறு சக்கரம் வைத்த ஆய்வு வண்டியை, செவ்வாய்க்கு அனுப்பியது. எடை 1,025 கிலோ. பெயர் பெர்சிவரன்ஸ். விடாமுயற்சி என்று அர்த்தம். இந்தப் பெயரை வைத்தது விஞ்ஞானி இல்லை. அங்கே பள்ளிப் பிள்ளைகளுக்கு ஒரு கட்டுரைப் போட்டி வைத்தார்கள். 28,000 கட்டுரை வந்தது. ஏழாம் வகுப்புப் படித்த அலெக்சாண்டர் மாதர் என்ற மாணவர் சொன்ன பெயரைத்தான் வைத்தார்கள். (நம் சுவர் இதழுக்கு மாதம் ஆறு கட்டுரை வந்தாலே தமிழ் ஐயா முகத்தில் சிரிப்பு வந்துவிடும்.)

அதோடு இன்னொன்றும் செய்தார்கள். 2019 செப்டம்பர் 30 வரைக்கும் உலகத்தில் யார் வேண்டுமானாலும் தங்கள் பெயரை அனுப்பலாம், காசு கிடையாது, அந்த வண்டியோடு எடுத்துப் போகிறோம் என்று சொன்னார்கள். வந்த பெயர்கள் 1 கோடியே 9 லட்சத்து 32 ஆயிரத்து 295. அதில் 17 லட்சத்துக்கும் மேல் இந்தியாவிலிருந்து போனவை. எல்லாப் பெயரையும் விரல் நகம் அளவுள்ள மூன்று சிலிக்கான் சில்லுகளில் பொறித்தார்கள். எழுத்து தலைமுடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு அகலம் கூட இல்லை. அந்தச் சில்லுகளை ஒரு தகட்டில் பதித்து வண்டியின் பின்பக்கம் பொருத்தி அனுப்பினார்கள்.

என் பெயரை அனுப்பியது என் சித்தப்பா. அப்போது அவர் விழுப்புரத்தில் காலேஜ் படித்தார், இயற்பியல். எங்கள் ஊரில் வானத்தைப் பார்ப்பவர்கள் இரண்டு வகை. மழை வருமா என்று பார்ப்பவர்கள், பௌர்ணமி எப்போது, கிரிவலம் போகலாம் என்று பார்ப்பவர்கள். மூன்றாவது வகை எங்கள் சித்தப்பா ஒருத்தர்தான். 2019 செப்டம்பர் 7 விடியற்காலையில் சந்திரயான்-2-இன் விக்ரம் லேண்டர் நிலவில் இறங்கும்போது தொடர்பு அறுந்து போனது அல்லவா, அன்றைக்குத் தனியாக உட்கார்ந்து பார்த்துவிட்டு மறுநாள் முழுக்கச் சாப்பிடவில்லை. எங்கள் ஆயா பயந்து போய், பையனுக்குக் காத்து கருப்பு பட்டுடுச்சு என்று விபூதி மந்திரித்துக் கொண்டு வந்தார்கள்!

அந்த மாதமே அவர் மூன்று பெயரை அனுப்பினார். தன் பெயர், என் பெயர், ஆயா பெயர். விமான டிக்கெட் மாதிரி ஒரு சீட்டு வந்தது. ஏறும் இடம் கேப் கனாவரல், இறங்கும் இடம் செவ்வாயின் ஜெசரோ பள்ளம். ஜெராக்ஸ் கடையில் பிரிண்ட் போட்டு வந்து கொடுத்தார். ஆயா கேட்டது ஒன்றே ஒன்றுதான். "அங்க பேரு எழுதிட்டா இங்க ரேஷன் கார்டுல அடிச்சிடுவானாடா?"

சரி, இறங்கிய இரவுக்கு வருகிறேன். நம் நேரப்படி 2021 பிப்ரவரி 19, விடியற்காலை 2 மணி 25 நிமிடம். அப்போது நான் நாலாம் வகுப்பு. கொரோனாவால் எங்களுக்குப் பள்ளி திறக்கவே இல்லை. எங்கள் வீட்டுக்குள் செல்லில் டவர் எடுக்காது. கொல்லையில் மோட்டார் கொட்டகைக்குப் பக்கத்து மேட்டில்தான் எடுக்கும். அது மல்லாட்டை காய் பிடிக்கிற சமயம். காட்டுப்பன்றி வந்து பறித்துவிடும் என்று அப்பா ராத்திரியில் காவலுக்குப் போவார். சித்தப்பாவும் கூடப் போவதாக ஏற்பாடு. நானும் வருகிறேன் என்று அழுதேன்.

அம்மா விடவில்லை. "பொட்டப் புள்ளைய ராத்திரியில கொல்லைக்குக் கூட்டிட்டுப் போறதா? பாம்பு பூச்சி இருக்கும். நாளைக்கு செய்தியில காட்ட மாட்டானா தம்பி?"

"நாளைக்குப் பாத்தா முடிவு தெரிஞ்சு போயிருக்கும் அண்ணி. அவ பேரும் அதுல இருக்குது."

அப்பா செருப்பு மாட்டிக்கொண்டே, "நான் இருக்கேன்ல, வரட்டும் விடு" என்றார். அம்மா ஒன்றும் பேசாமல் வறுத்த மல்லாட்டையை ஒரு தூக்கில் போட்டு, என் தலையில் ஒரு துண்டைக் கட்டிவிட்டார்கள்.

போகும் வழியிலேயே சித்தப்பா செவ்வாயைக் காட்டினார். கிட்டத்தட்ட பாதி நிலா. அதன் பக்கத்தில் சிவப்பாக ஒரு புள்ளி, அவ்வளவுதான். மினுக்கவில்லை. "அதுக்குத்தான் போயிட்டு இருக்குது உன் பேரு" என்றார். எனக்கு வயிற்றுக்குள் என்னமோ செய்தது. நள்ளிரவுக்குள் நிலாவும் செவ்வாயும் மறைந்துவிட்டன. பன்னிரண்டு மணிக்குப் புது டேட்டா ஏறியது. பன்னிரண்டே முக்காலுக்கு நேரடி ஒளிபரப்பு ஆரம்பம்.

உண்மையைச் சொல்கிறேன், முதலில் எனக்கு ஏமாற்றம்தான். செவ்வாய் தெரியும் என்று நினைத்துப் போனால், ஒரு ரூமில் முகக்கவசம் போட்ட ஆட்கள் கம்ப்யூட்டர் முன்னால் தள்ளித் தள்ளி உட்கார்ந்திருக்கிறார்கள்! அமெரிக்காவின் பாசடினாவில் இருக்கிற ஜே.பி.எல். ஆய்வுக்கூடம் அது. நடுவில் கார்ட்டூன் மாதிரி ஒரு படம் வந்து வண்டி இப்போது எங்கே இருக்கும் என்று காட்டியது. ஒவ்வொரு கட்டத்தையும் மைக்கில் சொன்னவர் சுவாதி மோகன் என்ற பொறியாளர். பெங்களூரில் பிறந்து, ஒரு வயதில் அமெரிக்கா போனவராம். நெற்றியில் பொட்டு வைத்திருந்தார். "பொட்டு வச்சிருக்கு பாருப்பா!" என்று நான் கத்தியதில் பன்றி வந்திருந்தால் கூட ஓடிப் போயிருக்கும்.

இப்போது முக்கியமான இடம். கவனமாகப் படியுங்கள். அன்றைக்கு பூமிக்கும் செவ்வாய்க்கும் தூரம் சுமார் 20 கோடியே 40 லட்சம் கிலோமீட்டர். ரேடியோ அலை ஒளி வேகத்தில், நொடிக்கு 3 லட்சம் கி.மீ. போகும். வகுத்துப் பாருங்கள். 680 நொடி. அதாவது பதினொரு நிமிடத்துக்கு மேல். வண்டி காற்றில் நுழைந்து தரையைத் தொட ஆகும் நேரமோ ஏழே நிமிடம். அப்படியென்றால், "உள்ளே நுழைகிறேன்" என்ற செய்தி நமக்கு 2.18-க்கு வந்தபோது அது ஏற்கெனவே இறங்கி முடிந்து நாலு நிமிடம் ஆகியிருக்கும். நல்லபடியாக இறங்கியதோ, நொறுங்கியதோ, அங்கே முடிந்து போன விஷயம். இங்கே நமக்குத் தெரியாது. பூமியிலிருந்து யாராலும் அதை ஓட்ட முடியாது. வண்டியே தன்னைத்தானே இறக்கிக்கொள்ள வேண்டும்.

சித்தப்பா இதை விளக்கிச் சொன்னதும் அப்பா கேட்டார். "அப்ப இந்நேரத்துக்கு முடிஞ்சே போச்சு. பிறகு எதுக்குடா எல்லாரும் கையக் கட்டிக்கிட்டு வேண்டிக்கிட்டு இருக்காங்க?"

சித்தப்பாவுக்குப் பதில் வரவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அப்பாவே சொன்னார். "மல்லாட்டையும் இப்படித்தான். மண்ணுக்குள்ள காய் புடிச்சுதா, சொத்தையான்னு அது பாட்டுக்கு முடிஞ்சிருக்கும். புடுங்கிப் பாக்கற வரைக்கும் நமக்குத் தெரியாது. அதுவரைக்கும் சாமி கும்பிட்டுக்கிட்டுதான் கெடக்கறோம்."

மல்லாட்டை என்றதும் சித்தப்பா குதித்தார். ஜே.பி.எல். காரர்கள் முக்கியமான நேரத்தில் மல்லாட்டைதான் சாப்பிடுவார்களாம்! நிலவுக்கு ரேஞ்சர் என்ற கலங்களை அனுப்பியபோது வரிசையாக ஆறு தோற்றுப்போனது. 1964-ல் ஏழாவது போனபோது யாரோ ரூமில் மல்லாட்டை கொடுத்திருக்கிறார்கள், அது வெற்றி. அன்றிலிருந்து அது வழக்கமாகிவிட்டது. அறிவியல் படித்தவர்களுக்கும் ராசி உண்டு பாருங்கள். அம்மா கொடுத்த தூக்கை உடனே திறந்தோம்.

2.18. மணிக்கு சுமார் 19,500 கி.மீ. வேகத்தில் காற்றில் நுழைந்துவிட்டது. வெப்பக் கவசம் 1,300 டிகிரி வரை சூடாகும் என்றார்கள். சித்தப்பா பேச்சை நிறுத்திவிட்டார். அவருக்கு விக்ரம் ஞாபகம் வந்திருக்க வேண்டும். 2016-ல் ஐரோப்பாவின் ஸ்கியாபரெல்லி என்ற கலம் இன்னும் மூன்று கிலோமீட்டருக்கு மேல் உயரத்தில் இருக்கும்போதே, "தரைக்கு வந்துவிட்டோம்" என்று அதன் கம்ப்யூட்டர் தப்பாகக் கணக்குப் போட்டு, பாராசூட்டைக் கழற்றிவிட்டு விழுந்து நொறுங்கியதாம். அதை எனக்கு முதல் நாளே சொல்லியிருந்தார். சொல்லாமல் இருந்திருக்கலாம்.

2.22. பாராசூட் விரிந்தது. 21.5 மீட்டர் அகலம். நம் பள்ளிக் கட்டடத்தையே போர்த்திவிடலாம். ரூமில் ஒருத்தர் கை தட்டினார், மற்றவர்கள் தட்டவில்லை. பிறகு பாராசூட்டை விட்டுவிட்டு எட்டு ராக்கெட்டுகள் வைத்த ஒரு பொறி, வண்டியைக் கயிற்றில் கட்டி, கிணற்றில் வாளி இறக்குவது மாதிரி மெதுவாக இறக்க வேண்டும். அந்த நேரம் பார்த்துப் படம் சுற்ற ஆரம்பித்துவிட்டது! டவர் போய்விட்டது. சித்தப்பா செல்லைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு மேட்டில் நடக்கிறார். அப்பா, "இந்தப் பக்கம் வாடா, தொட்டி மேல ஏறு" என்கிறார். மூன்று பேரும் தண்ணித் தொட்டிச் சுவர் மேல் ஏறி நின்றோம். படம் வரவில்லை, குரல் மட்டும் வந்தது. தரையிறங்கியது உறுதி என்று ஆங்கிலத்தில். எனக்கு அப்போது அந்த ஆங்கிலம் புரியவில்லை. ஆனால் அதற்குப் பின்னால் வந்த கூச்சல் புரிந்தது.

சித்தப்பா அழுதார். அப்பா என்னைத் தூக்கித் தொட்டியிலிருந்து இறக்கிவிட்டு, பன்றி விரட்டும் தகரத்தை எடுத்துக் கட்டையால் தட்டு தட்டென்று தட்டினார். பக்கத்துக் கொல்லைக்காரர் பன்றி வந்துவிட்டது என்று டார்ச் அடித்துக்கொண்டு ஓடி வந்தார். அவரிடம் அப்பா சொன்னது, "பன்னி இல்லப்பா, எங்க பாப்பா செவ்வாய்க்குப் போயிட்டா." அந்த மனுஷன் அப்பாவைப் பார்த்த பார்வை இருக்கிறதே! இருந்தாலும் உட்கார்ந்து ஒரு கை மல்லாட்டை தின்றுவிட்டு, முதல் படம் வந்ததும் பார்த்துவிட்டுத்தான் போனார். கறுப்பு வெள்ளையில், புழுதி படிந்து, கலங்கலாக ஒரு தரை. அதில் வண்டியின் நிழல். "நம்ம கரம்பு மாதிரிதான் இருக்குது" என்றார்.

நான்கு நாள் கழித்து இறங்கும்போது எடுத்த வீடியோவையும் வெளியிட்டார்கள். அதில் பாராசூட்டின் சிவப்பு வெள்ளைக் கோடுகள் ஒழுங்கில்லாமல் இருந்தன. ஆர்வலர்கள் விடுவார்களா? 0, 1 என்று எண்ணிப் பார்த்து, பெரிய காரியங்களைத் துணிந்து செய் என்ற பொருளில் ஒரு ஆங்கில வாசகம் ஒளிந்திருப்பதை ஒரு சில மணி நேரத்தில் கண்டுபிடித்துவிட்டார்கள். அதைப் பார்த்து சித்தப்பாவும் நானும் என் கணக்கு நோட்டில் அதே மாதிரி கோடு போட்டு ரகசியக் கடிதம் எழுதிக்கொண்டோம். அம்மாவைப் பற்றித்தான் நிறைய.

2022 தை மாதம் எங்கள் ஆயா இறந்துவிட்டார்கள். ரேஷன் கார்டில் பெயரை எடுத்துவிட்டார்கள். தன் வாழ்நாளில் ஆயா திருவண்ணாமலையைத் தாண்டிப் போனதில்லை. செவ்வாயில் அவர்கள் பெயர் என் பெயரோடு இருக்கிறது. அங்கே போய் யாரும் அடிக்க முடியாது.

அந்த ரோவர் நான்கு ஆண்டுகளுக்கும் மேலாக ஓடி, ஜெசரோ பள்ளத்தின் விளிம்பு மேலேயே ஏறிவிட்டது. கூடவே போன 1.8 கிலோ ஹெலிகாப்டர் இன்ஜெனுயிட்டி 72 முறை பறந்து, 2024 ஜனவரியில் இறக்கை உடைந்து நின்றது. 2024-ல் ரோவர் துளைத்து எடுத்த ஒரு பாறையில், பழங்காலத்து நுண்ணுயிர் விட்டுப்போன தடமாக இருக்கலாம் என்று நினைக்கும்படி புள்ளிகள் இருந்தன. 2025 செப்டம்பரில் அதை அறிவித்தார்கள். உறுதி என்று சொல்லவில்லை, இருக்கலாம் என்றுதான் சொன்னார்கள்.

சித்தப்பா இப்போது ஒரு கம்பெனியில் நைட் ஷிப்ட் பார்க்கிறார். படித்த இயற்பியலுக்கும் அந்த வேலைக்கும் சம்பந்தமில்லை. எனக்கு அதில் வருத்தம் உண்டு, அவர் காட்டிக்கொள்ள மாட்டார். 2023 ஆகஸ்ட் 23 சாயங்காலம் 6.04-க்கு சந்திரயான்-3 இறங்கியபோது நாம் எல்லோரும் பள்ளியில் டி.வி. முன்னால் உட்கார்ந்திருந்தோமே, அப்போது அவர் கம்பெனி கேண்டீனில் பார்த்திருக்கிறார். திட்ட இயக்குநர் வீரமுத்துவேல் நம் விழுப்புரத்துக்காரர் என்பதை அங்கே எல்லோரிடமும் சொல்லிவிட்டாராம். அன்று ராத்திரி போனில் அவர் முதலில் கேட்டது, "மல்லாட்டை தின்னியா?" என்றுதான். தின்றேன். பையில் வைத்திருந்தேன்.

விமான டிக்கெட் மாதிரி வந்த அந்தச் சீட்டை லேமினேஷன் செய்து வைத்திருக்கிறேன். பார்க்க விரும்புகிறவர்கள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் 9 'அ' வகுப்புக்கு வரலாம், கை கழுவிவிட்டு. இப்படிப் பெயர் அனுப்பும் அழைப்பு அடுத்து எப்போது வந்தாலும் நம் பள்ளியிலிருந்து மொத்தமாக அனுப்பலாம் என்று அறிவியல் டீச்சர் சொல்லியிருக்கிறார்கள். பெயர்ப் பட்டியல் என்னிடம்தான் இருக்கிறது. இதுவரை 43 பேர். நிலாவில் ஆடு மேய்த்தவள் பெயர் ஏழாவது. வீட்டில் பாட்டி, தாத்தா பெயரையும் சேர்க்கலாம். இனிஷியலோடு, சரியான எழுத்தில் எழுதிக் கொடுங்கள்.