தெவிட்டலிலிருந்து சலிப்பு

இலத்தீனில் 'ஃபாஸ்டிடியும்' என்றொரு சொல் உண்டு. உணவு தெவிட்டியவழி எழும் அருவருப்பையும், பிறரை இழிவாக நோக்குஞ் செருக்கையும் அது குறித்தது. வயிற்றுக்கும் உள்ளத்துக்கும் ஒரே சொல்! இத்தாலியத்தில் அது 'ஃபாஸ்டீடியோ' ஆகி, கடுமை தணிந்து, ஈயொன்று தருஞ் சிறு தொல்லைக்கும் பெயராயிற்று.

ஸ்பானிய மொழியிலோ அதற்கு இரு வடிவங்கள். ஏட்டிலிருந்து எடுத்தாளப்பட்டது 'ஃபாஸ்தீதியோ'. மக்கள் நாவில் தேய்ந்து வந்தது 'அஸ்தீயோ'. முதலொலியும் இடையொலியும் அதில் மறைந்துபோயின. மாவைக் குறிக்கும் 'ஃபரீனா', 'அரீனா' ஆனதும் முதலொலி மறைந்தே. வடசொற்களுக்கு நம் இலக்கணகாரர் வகுத்த தற்சமம், தற்பவம் என்னும் பாகுபாடு இங்கும் பொருந்துகின்றது.

அன்றாட வழக்கில் ஏட்டுச்சொல் வெறும் எரிச்சலையே பெரும்பாலுஞ் சுட்டும். வாழ்வே தெவிட்டிய சலிப்பைச் சுமப்பது தேய்ந்த சொல்லே. எனக்கு உவப்பானதும் அதுவே. உணவின்மேல் உண்டாகும் வெறுப்பென்ற பழம்பொருளையும் அது இன்னும் இழந்துவிடவில்லை.