வட்டி வீதத்துக்கு ஒரு வாக்கு

ஏப்ரல் 18, 2025, வெள்ளி

பெரிய வெள்ளியிலும் வாக்களிப்பு நிலையம் திறந்திருந்தது. முற்கூட்டிய வாக்களிப்பின் முதல் நாள். 28ஆம் தேதி எனக்குத் தேர்தல் கடமை இருப்பதால் இன்றே போட்டுவிடலாம் என்று போனால், சமூக நிலையத்தைச் சுற்றி வரிசை வளைந்து நிற்கிறது. ஸ்காபரோவில் இப்படியொரு கூட்டத்தை நான் தேர்த் திருவிழாவில்தான் கண்டிருக்கிறேன். பாதிப்பேர் எங்கள் சனம்.

நின்ற நேரம் முழுக்கக் காதில் விழுந்தவை: ட்ரம்ப் போட்ட வரி, கனடாவை ஐம்பத்தோராவது மாநிலம் என்ற அவருடைய திமிர், மோட்கேஜ் புதுப்பிக்கும்போது வட்டி எங்கே போய் நிற்கும், பேரப்பிள்ளையின் பகல் பராமரிப்புச் செலவு. இலங்கையில் மூன்று கிழமைக்குள் உள்ளூராட்சித் தேர்தல். அதைப்பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. பிழை சொல்ல ஒன்றுமில்லை, நிற்பது கனடாத் தேர்தலுக்கு. ஆனால் இதே ஆட்கள் இரவானால் வட்சப் குழுமத்தில் வேறு ஆட்களாகிவிடுவார்கள்.

மகன் கொன்சர்வேற்றிவுக்குப் போட்டான். முப்பது தாண்டியும் எங்கள் பேஸ்மெண்டில் இருக்கிறவனுக்கு வீட்டு விலையைவிட வேறு அரசியல் இல்லை. என் கணவர் எப்போதும் லிபரல். "எங்களை ஏற்றுக்கொண்ட கட்சி" என்பார். 1986இல் நியூபவுண்ட்லாந்துக்கு அப்பால் உயிர்காப்புப் படகுகளில் மிதந்த 155 தமிழரை மீனவர்கள் கரைசேர்த்தபோது ஒட்டாவாவில் இருந்தது மல்ரோனியின் கொன்சர்வேற்றிவ் அரசு. அவர்களைத் திருப்பி அனுப்ப மாட்டோம் என்று சொன்னவரும் அவர்தான். நான் எத்தனை தரம் சொல்லியும் இவருக்கு ஏறுவதில்லை.

எங்களுக்குப் பின்னால் நின்ற அண்ணை, விசிட்டர் விசாவில் வந்து அகதி வழக்குப் போடுகிற ஊர்ப் பெடியளையும் மாணவர் விசாவில் வருகிறவர்களையும் ஒன்றாகச் சேர்த்துத் திட்டிக்கொண்டே வந்தார். "இப்ப வாறதுகள் வேற மாதிரி. கதவைச் சாத்தினால்தான் சரி." அவர் எண்பதுகளின் கடைசியில் வேறொருவரின் கடவுச்சீட்டில் வந்திறங்கியவர். கலியாண வீடுகளில் அதை அவரே சிரிக்கச் சிரிக்கச் சொல்வார். 2010இல் சன் சீ கப்பலில் வந்த 492 பேரைத் தடுத்து வைத்தபோது அவர்களுக்காகப் பதாகை பிடித்தவரும்கூட. பதினைந்து வருடத்துக்குள் மனிதருக்கு இவ்வளவு கனடா ஏறிவிட்டது.

ஏப்ரல் 22, செவ்வாய்

எதிர்பார்த்தது வந்தது. குழுமத்தில் ஒரு நீண்ட குரற்பதிவு: யாழ்ப்பாணத்தில் திசைகாட்டிக்குப் போடுகிறவன் தமிழனா? கீழே கைதட்டல் படங்கள் வரிசையாக.

போன நவம்பரில் தொடங்கிய கோபம் இது. இலங்கைப் பாராளுமன்றத் தேர்தலில் திசைகாட்டிச் சின்னத்தில் நின்ற தேசிய மக்கள் சக்தி 225இல் 159 இடங்களை அள்ளியதுகூட இவர்களுக்குப் பெரிதில்லை. யாழ்ப்பாண மாவட்டத்தின் 6 இடங்களில் 3ஐ அது பிடித்ததுதான் தாங்க முடியவில்லை. தெற்கிலிருந்து வந்த ஒரு கட்சி, அதுவும் ஜே.வி.பி.யின் வழியில் வந்த கட்சி. வடக்கையும் கிழக்கையும் பிரிக்க 2006இல் நீதிமன்றம் போனவர்கள். எனக்கும் அந்தக் கட்சியில் நம்பிக்கை இல்லை. ஆனாலும் குரற்பதிவில் பேசியவரின் வீட்டு வாசலில் இந்தக் கிழமை எந்தக் கட்சியின் பலகை நிற்கிறதென்று எனக்குத் தெரியும். ஏன் நிற்கிறதென்றும் தெரியும்: மூலதன ஆதாய வரி. இரண்டு வீடு வாடகைக்கு விட்டிருக்கிறார்.

இங்கே நாங்கள் வட்டி வீதத்துக்கும் வரிக்கும் வாக்குப் போடுகிறோம். அங்கே இருப்பவர் மட்டும் இனத்துக்காகவே போடவேண்டும். தண்ணீருக்கோ, பிள்ளையின் வேலைக்கோ, ஊரிலுள்ள தலைவர்கள் மேல் வந்த வெறுப்புக்கோ போட்டால் துரோகம். இந்தக் கணக்கு யார் போட்டது?

ஏப்ரல் 24, வியாழன்

தங்கச்சியோடு கதைத்தேன். அவள் நவம்பரில் திசைகாட்டிக்குத்தான் போட்டவள். தமிழரசுக் கட்சிக்காரர் தலைவர் பதவிக்காக ஆளுக்கு ஆள் நீதிமன்றம் ஏறி இறங்கிய வருடம் அது. "அவையளுக்கு ஒருக்கால் உறைக்க வேணும் எண்டுதான்" என்றாள் அப்போது.

இப்போது அவளுக்கு வேறு கவலை. மார்ச் 28இல் வந்த வர்த்தமானி. வடக்கில் ஏறத்தாழ 5,900 ஏக்கர் காணிக்கு மூன்று மாதத்துக்குள் உரிமை கோராவிட்டால் அரச காணியாகிவிடும் என்கிறது. பெரும்பகுதி யாழ்ப்பாண மாவட்டத்தில். அம்மாவின் சீதனக் காணி வடமராட்சி கிழக்கில், கடற்கரைப் பக்கம். இடம்பெயர்வுகளில் உறுதிகளைத் தொலைத்தவர்கள், 2004 சுனாமியில் பெட்டியோடு பறிகொடுத்தவர்கள், பிள்ளைகள் எல்லாம் வெளிநாட்டில் என்றிருக்கிற கிழவர்கள், இவர்கள் மூன்று மாதத்துக்குள் எங்கே போய் எதைக் காட்டுவது? சட்டப் புத்தகத்தில் இருக்கிற நடைமுறைதான் என்று அரசு சொல்லலாம். போர் நடந்த மண்ணில் பத்திரம் கேட்பதே ஒரு அரசியல்.

குழுமத்தில் வந்த குரற்பதிவைப் பற்றிச் சொன்னேன். சிரித்தாள்.

"அக்கா, 2005இலயும் போடாதேங்கோ எண்டுதான் சொன்னவை. நாங்கள் போடேல்லை. பிறகு ஏ9 பூட்டினது எங்களுக்கு. ஒரு கிலோ சீனிக்கு வரிசையில நிண்டது நாங்கள். சொன்னவையில ஆர் வந்து நிண்டது?"

அந்த ஜனாதிபதித் தேர்தலில் யாழ்ப்பாண மாவட்டத்தில் வாக்களித்தவர்கள் நூற்றுக்கு இரண்டு பேர்கூட இல்லை. மகிந்த ராஜபக்ச வென்றது இரண்டு இலட்சத்துக்கும் குறைந்த வாக்குகளால். அந்த நாட்களில் ரொறன்ரோவில் புறக்கணிப்பை எவ்வளவு உற்சாகமாக வரவேற்றார்கள் என்பது எனக்கு ஞாபகம் இருக்கிறது. வரவேற்றவர்களுக்கு அடுத்த வருடம் சீனி தட்டுப்படவில்லை.

ஏப்ரல் 29, செவ்வாய், விடிய முன்

கால் இரண்டும் வீங்கிக் கிடக்கிறது. நேற்று விடியப்போய் நள்ளிரவு தாண்டித்தான் வந்தேன். தூக்கம் வரவில்லை, எழுதுகிறேன்.

கனடாத் தேர்தல் கடமையில் எனக்குப் பிடித்தது அதன் எளிமை. மட்டைப் பெட்டி, மட்டை மறைப்பு, பென்சில். ஒன்பதரைக்கு நிலையம் மூடியதும் அதே மேசையில் பெட்டியைத் திறந்து, சீட்டை ஒவ்வொன்றாக விரித்து, கட்சிப் பிரதிநிதிகளுக்குக் காட்டி எண்ணுகிறோம். அடையாள அட்டை இல்லாத ஒரு கிழவருக்காகப் பக்கத்து வீட்டுப் பெண் வந்து சத்தியம் செய்தாள். அவர் போட்டுவிட்டுப் போனார். ஒரு மனிதரின் வாக்குக்காக அரசு இவ்வளவு மினக்கெடுகிறது.

அப்பாவை நினைத்தேன். பள்ளிக்கூட அதிபர், தேர்தலென்றால் வாக்குப் பெட்டியோடு போகிறவர். 1981 ஜூன் 4, மாவட்ட அபிவிருத்திச் சபைத் தேர்தல். யாழ்ப்பாண நூல் நிலையம் எரிந்து நாலு நாள்கூட ஆகவில்லை. பயிற்சி பெற்ற அலுவலர்களை ஒதுக்கிவிட்டுத் தெற்கிலிருந்து ஆட்களை இறக்கினார்கள். சில பெட்டிகள் எண்ணும் இடத்துக்கு வந்து சேரவேயில்லை. அப்பா கத்தவில்லை, யாரோடும் வாதாடவில்லை. தேர்தல் முடிவுகளை வானொலியில் கேட்பதை நிறுத்திவிட்டார், அவ்வளவுதான். இயக்கங்களுக்குப் பெடியள் எப்படிச் சேர்ந்தார்கள் என்று இங்கே பிறந்த பிள்ளைகள் கேட்கும்போது நான் 83 இனக்கலவரத்தை அல்ல, காணாமற்போன இந்தப் பெட்டிகளைத்தான் முதலில் சொல்வேன்.

முடிவு: லிபரல் தலைவர் கார்ணி. பெரும்பான்மைக்குச் சில இடங்கள் குறைவு. தன் சொந்தத் தொகுதியான கார்ல்டனில் கொன்சர்வேற்றிவ் தலைவர் பொய்லியேவ் பின்னுக்கு நிற்கிறார், தோற்பார் போலிருக்கிறது. அங்கே 91 வேட்பாளர்கள். ஒரு மீற்றர் அளவுக்கு வாக்குச் சீட்டு. கூடுதல் வாக்கு எடுத்தவரே வெல்லும் முறையை எதிர்த்து நின்றவர்களாம் பெரும்பாலானோர். இலங்கையின் போன ஜனாதிபதித் தேர்தலில் 39 பேர் நின்றபோது "இதென்ன கோமாளி நாடு" என்று சிரித்தவர்கள் இதற்கு என்ன சொல்கிறார்கள் பார்ப்போம்.

மகன் கதவைச் சாத்திக்கொண்டு படுத்துவிட்டான். இவர் வென்ற கட்சிக்காரர், தேநீர் போட்டுத் தந்தார்.

மே 6, செவ்வாய்

இலங்கையில் வாக்களிப்பு நேற்றிரவு எங்கள் ஒன்பதரைக்குத் தொடங்கி இன்று காலை ஆறரைக்கு முடிந்தது. கடைசியாக 2018இல் நடந்த உள்ளூராட்சித் தேர்தல். 2023இல் நடந்திருக்க வேண்டியது, காசில்லை என்று ஒத்திவைத்தார்கள்.

தங்கச்சி விரலில் மை பூசிய படம் அனுப்பியிருந்தாள். கேட்காமலே சொன்னாள்: தமிழரசுக் கட்சியின் வீட்டுச் சின்னத்துக்குப் போட்டாளாம். "நவம்பரில அவைக்கு. இப்ப காணிக்காக இவைக்கு. அடுத்த முறை ஆருக்கு எண்டு இன்னும் யோசிக்கேல்லை." பிறகு பிரதேச சபையின் வடிகாலைப் பற்றிக் கால் மணித்தியாலம் கதைத்தாள். மழைக்கு ஒழுங்கை நிறைந்துவிடுகிறதாம். தெருவிளக்கு எரிவதில்லையாம். ஜனாதிபதி அனுரகுமாரவின் பெயரோ தேசியமோ அந்தக் கதையில் ஒருமுறையும் வரவில்லை.

மே 7, புதன்

நாடு முழுக்கப் பெரும்பாலான சபைகளில் திசைகாட்டி முன்னுக்கு. வடக்கில் இல்லை. தமிழரசுக் கட்சி எழும்பிவிட்டது. யாழ்ப்பாண மாநகர சபையிலும் அதுதான் முதலாவது, ஆனால் தனியே ஆள முடியாது. ஆறு மாதத்துக்குள் சனம் இரண்டு தரப்புக்கும் அடித்திருக்கிறது.

குழுமத்தில் வெடி கொளுத்தாத குறை. "தமிழ்த் தேசியம் மீண்டது." நவம்பரில் சோரம் போன அதே சனம் இன்று மானமுள்ள சனம். ஒருவர் ஒருபடி மேலே போய், புலம்பெயர்ந்தவருக்கும் அங்கே வாக்குரிமை வேண்டும், பாராளுமன்றத்தில் இடமும் வேண்டும் என்று எழுதினார். இரட்டைக் குடியுரிமைக்காரர் வேட்பாளராக நிற்பதை 2022இல் 21ஆம் திருத்தம் மறுபடி தடுத்துவிட்டது, அந்த ஆத்திரம்.

நான் குழுமத்தில் எழுதுவதில்லை. இன்று எழுதினேன்: எனக்கு அங்கே வாக்கு வேண்டாம். நான் போடுகிற வாக்கால் வருகிற ஆட்சி என் மின்சாரத்தை வெட்டாது, என் பிள்ளையை மறிக்காது. அனுபவிக்கப் போகிறவள் என் தங்கச்சி. அவளுடைய ஒரு வாக்குக்குப் பக்கத்தில் என்னுடைய ஒரு வாக்கைக் கொண்டுபோய் வைக்க எனக்கு மனமில்லை.

மூன்று பேர் கோபப் படம் போட்டார்கள். ஒருவர் தனியே அழைத்து, "அப்ப நாங்கள் அனுப்புற காசு?" என்றார். காசு அனுப்புவது அண்ணன் தம்பிக்கு, பங்கு வாங்குவதற்கு அல்ல என்றேன். போனை வைத்துவிட்டார்.

மே 10, சனி

பிரம்டனில் சிங்கூசி பூங்காவில் தமிழின அழிப்பு நினைவுத்தூபி திறப்பு. ஆயிரக்கணக்கில் சனம். 2009இல் இதே மே 10 மாலைதான் போரை நிறுத்தச் சொல்லிக் கார்டினர் நெடுஞ்சாலையில் போய் இருந்தோம், பலர் பிள்ளைகளைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு. அன்னையர் தினத்தில் வீதியை மறித்தார்கள் என்று இந்த நகரம் எங்களைத் திட்டியது. வன்னியில் எட்டு நாளில் எல்லாம் முடிந்தது.

இந்தத் தூபிக்கும் ஒரு கதை இருக்கிறது. 2021 ஜனவரியில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்துக்குள் இருந்த முள்ளிவாய்க்கால் நினைவிடத்தை ஓரிரவில் இடித்தார்கள். மாணவர்கள் உண்ணாவிரதம் இருந்து திரும்பக் கட்ட வைத்தார்கள். அந்த இடிப்புக்குப் பதிலாகத்தான் பிரம்டன் நகரசபை இங்கே தூபி அமைக்கத் தீர்மானித்தது. கொழும்பு தொடக்கத்திலிருந்தே எதிர்க்கிறது. மாற்றம் என்று வந்த இந்த அரசும் எதிர்க்கிறது. இதில் குழுமத்துக்காரர் சொல்வது சரி: ஆட்சி மாறியும் இந்த விடயத்தில் குரல் மாறவில்லை.

படம் அனுப்பினேன். தங்கச்சி உடனே அழைத்தாள். "இதை விடாதேங்கோ அக்கா. இதுதான் நீங்கள் செய்ய வேணும். இங்க விளக்குக் கொளுத்தப் போனால் ஆர் படம் எடுக்கினம் எண்டு பார்த்துத்தான் நிக்க வேணும்." தேர்தலில் எங்கள் சொல்லை ஒரு பொருட்டாக எடுக்காதவள் சொல்கிறாள். அவளுக்கு எங்களிடம் எது வேண்டும், எது வேண்டாம் என்பதில் ஒரு தடுமாற்றமும் இல்லை. தடுமாற்றமெல்லாம் இங்கேதான்.

மே 13, செவ்வாய்

கார்ணியின் புதிய அமைச்சரவை. ஹரி ஆனந்தசங்கரி பொதுப் பாதுகாப்பு அமைச்சர். எல்லையும் குடிவரவு அமுலாக்கமும் அவருடைய பொறுப்புக்குள். எண்பதுகளில் இங்கே வந்த ஒரு தமிழ்ப் பிள்ளை, இனி யாரை நாடு கடத்துவது என்கிற கோப்புகளுக்கு மேல். அவருடைய தந்தை வீ. ஆனந்தசங்கரி புலிகளை வெளிப்படையாக எதிர்த்து, இங்கே பலருடைய வாயில் விழுந்தவர். மகனுக்கு அதே வாய்கள் வாழ்த்துச் சொல்கின்றன. கனடாவில் மட்டும் எங்களுக்கு இவ்வளவு பெருந்தன்மை வருகிறது.

மே 18, ஞாயிறு

தூபியடியில் முள்ளிவாய்க்கால் கஞ்சி. உப்பில்லாத கஞ்சிதான் கொடுத்தார்கள். மகன் குடித்தான், ஒன்றும் கேட்கவில்லை. செம்மணிப் பக்கம் மயானத்தில் இந்தக் கிழமை தோண்டத் தொடங்கியிருக்கிறார்கள் என்று பக்கத்தில் இருந்தவர் சொன்னார். பெப்ரவரியில் கட்டட வேலைக்கு மண் வெட்டியபோது எலும்புகள் வந்த இடம். இதற்கு மேல் இன்று எழுத முடியவில்லை.

மே 20, செவ்வாய்

நேற்று விக்டோரியா தினம், எல்லாம் பூட்டு. இன்று இலங்கைத் துணைத் தூதரகம். அம்மாவின் காணிக்கு உரிமை கோர, தங்கச்சியின் பெயருக்கு அற்றோர்ணித் தத்துவம் எழுதவேண்டும். ஞாயிறு தூபியடியில் பூப்போட்ட கையால் செவ்வாய் அதே அரசின் படிவத்தில் ஒப்பமிடுகிறேன். வேறு வழி? காணியைக் காக்கிற பத்திரத்தை அந்த அரசுதான் ஏற்கவேண்டும்.

உள்ளே எல்லோரிடமும் பிளாஸ்டிக் உறைக்குள் மஞ்சள் பிடித்த உறுதிகள். ஆளையாள் தெரிந்தும் தெரியாததுபோல் இருந்தோம். கடைசியில் பக்கத்து அண்ணை தாங்காமல் கேட்டார்: "தங்கச்சி, வர்த்தமானி அலுவலோ?" ஓமென்றேன். தனக்கு மருதங்கேணிப் பக்கம் என்றார். எந்தப் பரப்பு, யார் எல்லை, எந்த நொத்தாரிசு எழுதியது என்று கதை நீண்டது. யாருக்கு வாக்கு என்ற கதையே வரவில்லை.

வீட்டுக்கு வர தங்கச்சியின் செய்தி: "நில அளவை வரைபடமும் அனுப்புங்கோ. அம்மான்ர மரணச் சான்றிதழ் இரண்டு பிரதி. தபாலில வேண்டாம், ஆரும் வந்தால் கையில குடுத்து விடுங்கோ. ஜூன் 28க்கு முன்னம் வேணும். உங்கட குறூப்பில போட்டு அலுவலைக் குழப்பிப் போடாதேங்கோ."